அண்ணன் பெயரில் நான் அனுப்பிய பதில்

என் அண்ணனுக்கு முப்பத்தொன்பது வயதில் பார்வை போய்விட்டது. விழித்திரையில் கோளாறு. அதுவரை ஏற்காட்டுக்கு அருகே ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தார். வேலை நின்றதும் ஏற்காட்டில் என்னுடன் வந்து தங்கினார். நான் பள்ளி ஆசிரியை, கல்யாணம் செய்துகொள்ளாதவள்.

மூன்று வருடம் செய்தித்தாள், மருந்துச் சீட்டு, செல்போனுக்கு வரும் மெசேஜ் என்று எல்லாவற்றையும் நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். பதில்களையும் அவர் சொல்லச் சொல்ல நானே தட்டுவேன். "உங்கள மாதிரி தங்கச்சி யாருக்குங்க கெடைக்கும்?" என்று சர்ச்சில் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அந்த நாட்களில்தான் சேலத்திலிருந்து அவருடைய கல்லூரி நண்பர் ஒரு மெசேஜ் அனுப்பினார். பார்வை இல்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சியாம். மூன்று மாதம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். "உனக்கு ஒரு எடம் சொல்லி வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு" என்று எழுதியிருந்தார்.

அண்ணன் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "யாரு கண்ணு?" என்றார்.

"யாருமில்லீங்ணா, விளம்பரம்" என்றேன். பிறகு அவர் பெயரிலேயே, "இப்போது எனக்கு வெளியே தங்க விருப்பமில்லை. மன்னிக்கவும்" என்று பதில் அனுப்பிவிட்டேன். நண்பர் அதன்பிறகு எழுதவில்லை.

அடுத்த வருடம் சேலத்தில் கண் பரிசோதனை முடிந்து பஸ்ஸில் திரும்பினோம். மலை அடிவாரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் ஏறி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் செல்போன் விடாமல் பேசிக்கொண்டே வந்தது. அவர் விரலால் தள்ளத் தள்ள, திரையில் இருப்பதை ஒவ்வொன்றாகப் படித்தது.

"இது எங்கீங்க வாங்குனீங்க?" என்று அண்ணன் கேட்டார்.

"வாங்க வேண்டியதில்லீங்க. உங்க போன்லயும் இருக்கும். குடுங்க பாக்கலாம்."

சத்தத்தைக் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் அவர் சேர்த்து அழுத்திப் பிடித்தார். திரையில் ஏதோ கேள்வி வந்தது. 'சரி' என்று தட்டியது நான்தான். செல்போன் பேசியதும் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. எனக்கு அந்தப் பழைய மெசேஜ் நினைவுக்கு வந்தது. அது இன்னும் அவர் செல்போனில்தான் இருந்தது.

மறுநாள் அவர் குளிக்கப் போனபோது அதை அழிக்கச் செல்போனை எடுத்தேன். விரல் பட்ட இடமெல்லாம் அது உரக்கப் பேசியது. "யாரு கண்ணு போன்ல?" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது. "மணி பாத்தேனுங்ணா" என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு தொடத் துணியவில்லை.

இரண்டு மாதத்தில் அவர் நன்றாகப் பழகிவிட்டார். வழி சொல்லும் செயலியைக் கேட்டுக்கொண்டு, கோலைத் தட்டியபடி ஒண்டிக்கடை பஸ் நிறுத்தம் வரை தனியாகப் போய் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது, முன்னறையில் அந்த இயந்திரக் குரல் நண்பரின் மெசேஜைப் படித்தது. அடுத்து, "நீங்கள் அனுப்பியது" என்று என் பதிலையும் படித்தது. அண்ணன் திரும்பவும் அதைப் படிக்க வைத்தார்.

"நான் இப்படிச் சொல்லலையே கண்ணு."

கையில் கத்தியோடு முன்னறை வாசலில் வந்து நின்றேன்.

"விளம்பரம்னு சொன்னியே, அது இதுதானா?"

"ஆமாங்ணா."

அவர் கோபப்படவில்லை. எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு வெளியே போய்ப் பனிமூட்டத்தில் நின்றார். அன்று சோறு வேண்டாம் என்றுவிட்டார். மறுநாள் அவரே நண்பரைக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த பயிற்சிக்கு இடம் கிடைத்தது. சேலம் வரை நானும் வருகிறேன் என்றேன். "வேண்டாம், பஸ்ஸுல உக்காந்தா போதும். எறங்குற எடத்த போனே சொல்லிரும்" என்றார்.

இப்போது சேலத்தில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலையில் இருக்கிறார். சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறார். அப்படி ஒரு சனிக்கிழமை அவர் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன்.

"உடு கண்ணு. எங்கியாவது உழுந்துருவேன்னு நொம்ப பயந்திருப்ப. பயத்துல செஞ்சதுதானே?" என்று என் தலையைத் தொட்டார்.

"ஆமாங்ணா" என்றேன்.

பயமும் இருந்தது, பொய்யில்லை. ஆனால் அவருக்கு நான் தேவைப்படாமல் போய்விடுவேனோ என்றுதான் அன்று அந்தப் பதிலைத் தட்டினேன். அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அவர் மன்னித்திருப்பது அந்தப் பயத்தை மட்டும்தான்.