வெந்தயம் மெழுகிய பதினோரு கூடைகள்

கூடைக்கு அடியில் தெர்மாகோலை அடைத்து, மேலே பத்து முறுக்கை அடுக்கி, கண்ணாடித் தாள் சுற்றி ரிப்பன் கட்டினால் அது நிறைகூடையாம். அதற்குப் பெயர் அலங்காரமாம். ஏமாற்று வேலை என்பேன் நான்.

நெமிலிச்சேரியில் வாழ்க்கைப்பட்ட என் மகளுக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள். அதற்கு முந்தைய தீபாவளிக்கு நான் காய்ச்சலில் கிடந்ததால், மகன் கடையில் ஸ்வீட் பெட்டிகளாக வாங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். ஊருக்கெல்லாம் சுட்டுப் போட்டவளுக்குப் பெற்ற பெண்ணுக்குச் சுட மட்டும் கை வரவில்லையா என்று சம்பந்தியம்மா நாலு பேர் நடுவில் கேட்டுவிட்டார். மகள் அதை மனதிலேயே வைத்திருந்து, வளைகாப்புக்கு நாள் குறித்த அன்று போனில் சொன்னாள்.

"இந்த வாட்டியும் கடையில வாங்கினு வந்தீன்னா, இந்த ஊட்ல நான் தலை நிமிர முடியாதும்மா."

சுடுவது எனக்கு ஒரு வேலையா? ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள், அம்பத்தூர் எஸ்டேட் வாசலில் முப்பது வருஷம் வடை போட்டு, மேனாம்பேட்டில் மூன்று மாடி எழுப்பியிருக்கிறேன். சுட்டதைக் கூடையில் வைத்து விற்றே பிழைத்தவளுக்குக் கூடையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஆவடி மார்க்கெட்டில் ஒவ்வொரு மூங்கில் கூடையாகக் கவிழ்த்துப் பார்த்துப் பதினொன்றைப் பொறுக்கினேன். அடியில் முட்டியை வைத்து அழுத்தினால் முனகக் கூடாது. விளிம்பைக் கம்பியால் கட்டியிருந்தால் துணி கிழியும். அதை வாங்கவே கூடாது. வீட்டுக்கு வந்து, ஊறவைத்த பழைய பேப்பரையும் வெந்தயத்தையும் அரைத்து உள்ளும் புறமும் மெழுகி, மாடியில் மூன்று நாள் காயவிட்டேன். மெழுகினால் இடுக்கு அடைபடும், பூச்சி அண்டாது. பிறகு வெள்ளைத் துணி விரித்து முறுக்கு, தட்டை, சோமாஸ், அதிரசம் என்று விளிம்புவரை நானே அடுக்கிவிட்டு, மத்தியானம் அசந்து தூங்கிப்போனேன். அந்த நேரம் பார்த்துத்தான் மகன் டெக்கரேஷன்காரரைக் கூட்டி வந்திருக்கிறான். எழுந்து பார்த்தபோது, மேலே தாளைத்தானே சுற்றியிருக்கிறான் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, வளைகாப்புக்குக் கிளம்ப வேனில் ஏற்றும்போது கூடையைத் தூக்கினேன். காற்றைத் தூக்குவதுபோல் இருந்தது. தாளைக் கிழித்தால் உள்ளே வெள்ளைக் கட்டி. நான் சுட்டதெல்லாம் மாடிப்படிக்குக் கீழே சாக்கில் கிடந்தது.

"போட்டோல ஃபுல்லா தெரியும்மா. யாரு அடியில தோண்டிப் பாக்கப்போறா?" என்றான் மகன்.

"உன் தங்கச்சி மாமியாரு பாப்பாங்கடா. தெருவுல ஊட்டுக்கு ஊடு பங்கு போடறவங்க கை அடிவரைக்கும் போவாம வேற எங்க போவும்?"

பணத்தைக் கொட்டி என் மானத்தை வாங்கப் பார்த்திருக்கிறானே! அதுவும் பிள்ளைத்தாய்ச்சி தங்கையின் வளைகாப்பில். பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும் என்று அவன் கத்தக் கத்தப் பதினொன்றையும் பிரித்தேன். ரிப்பன், ஜிகினா, தெர்மாகோல் எல்லாவற்றையும் அவன் காலடியில் எறிந்தேன். சாக்கில் கொட்டியதில் முறுக்கில் பாதி உடைந்திருந்தது. உடைந்ததை அடியில் போட்டு, முழுசை மேலே வைத்து நிரப்பினேன். அலங்காரம் ஏதும் இல்லாமல், வெந்தய வாடையோடு கூடைகள் போய் இறங்கின.

வளையல் அடுக்கி முடித்ததும் சம்பந்தியம்மா பங்கு போட உட்கார்ந்தார். முதல் கூடையில் முழங்கைவரை கையை விட்டார். மகள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உடைந்த முறுக்கு ஒரு பிடி மேலே வந்தது. வாயில் போட்டு மென்றார்.

"அடிவரைக்கும் கீது," என்றார் பக்கத்தில் இருந்தவளிடம். உடைந்ததில் இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டார்.

மகள் இரண்டு கை வளையலும் குலுங்க எழுந்து வந்தாள். "குடுங்க அத்தே, எங்கம்மா சுட்டத நான் போடறேன்," என்று கூடையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.