கீறல் முட்டைத் தம்மடை

ருக்கையா நல்ல முட்டைகளை வேண்டுமென்றே தட்டிக் கீறல் விழ வைக்கிறாளாம். சிராங்கூன் சாலைக் கடையொன்றில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதைத் தன் நாத்தனார் கேட்டுவந்து சொன்னதாகச் சொன்னாள், எதிர்க் கடை யாக்கூபின் மனைவி பதுருன்னிசா. "நான் நம்பலைலா. காதுல விழுந்துச்சு, சொன்னேன்" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள்.

ருக்கையா முறத்தில் இருந்த ரவையைப் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

1951இல் அவள் கல்யாணமாகிப் பாசிர் ரிஸ் கம்பத்துக்கு, அந்தக் கிராமத்துப் பண்ணைக்கு வந்தபோது, புருஷன் நெய்னா முகம்மதுவும் அவருடைய இரண்டு தம்பிகளும் கீரை, கத்தரி, முந்நூறு கோழி என்று பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு பிள்ளைகள் நாலு பேர். மத்தியானம் சட்டிச் சோறு காலியாகும். சாயங்கால அஸர் தொழுகை முடிவதற்குள் எல்லாருக்கும் மறுபடி பசிக்கும். வீட்டில் ஒரு சட்டம் உண்டு. முழு முட்டை கடைக்கு, கீறல் விட்டது அடுப்படிக்கு. அந்த முட்டையில்தான் ருக்கையா தம்மடை சுட்டாள். ரவை, தேங்காய்ப்பால், சீனி, நெய், ஏலக்காய் எல்லாம் கலந்து சட்டியில் ஊற்றி, கீழே சிறு தீ, மூடிமேல் சிரட்டைத் தணல். பெருநாளைக்குச் செய்கிற பண்டம் அந்த வீட்டில் வாரம் இரண்டு நாள் பலகாரமாகிவிட்டது.

பத்து முட்டை இல்லாமல் தம்மடை எழும்பாது. ஆனால் சில தடவை ஆறுக்கு மேல் கீறல் விழாது. 1954 மழைக்காலத்தில் ஒருநாள், வாய்க்கால் வெட்டிவிட்டுச் சேறும் சகதியுமாக வந்த சின்னக் கொழுந்தன் சட்டி மூடியைத் திறந்து பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை. சத்தம் வராமல் மூடியை வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். அடுத்த நாள்தான் அவள் முதன்முதலாக அகப்பைக் காம்பால் நாலு முட்டையைத் தட்டினாள். பிறகு அது கைப்பழக்கமாகிவிட்டது.

போன வாரம் தட்டிக்கொண்டிருக்கும்போது யாரோ வரும் சத்தம் கேட்டு, கையிலிருந்த கீறல் முட்டையை அவசரத்தில் கடைக்கூடையில் வைத்துவிட்டாள். அது ஜமால் முகம்மதுவின் கடைக்குப் போய், அழுகி, வாடிக்கைக்காரரிடமிருந்து திரும்பி வந்தது. அங்கிருந்துதான் அந்தப் பேச்சுக் கிளம்பியது. பண்ணை முட்டை முழுவதும் அந்த ஒரே கடைக்குத்தான் போகிறது. வேறெங்கும் இடமில்லை.

நெய்னா கடைக்கே போய், கூட்டத்துக்கு நடுவில் நின்று, "என் வீட்டுல ஒரு முட்டையையும் வேணும்னு உடைக்கிறதில்ல. அல்லா அறியச் சொல்றேன்" என்றார். ஜமால் முகம்மது நம்பினார். கடையில் பங்குள்ள அவருடைய கூட்டாளிக்குத்தான் அது போதவில்லை. சனிக்கிழமை அஸருக்குப் பிறகு யாக்கூப் கடை போனில் கூப்பிடுவதாகவும், நெய்னா அதே சத்தியத்தைத் தன்னிடமும் சொன்னால் முட்டை எடுப்பதாகவும் சொல்லியனுப்பியிருந்தார்.

சனிக்கிழமை, நெய்னா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். போனில் பேசச் சட்டை எதற்கு என்று தம்பிகள் காலையிலிருந்தே கேலி செய்துகொண்டிருந்தார்கள். தணலுக்கு அடியிலிருந்து ஏலக்காய் மணம் கிளம்பியிருந்தது.

"என்னாங்க, அந்தச் சத்தியத்தை இன்னொருக்காச் செய்யாதீங்க" என்றாள் ருக்கையா.

"ஏன் புள்ள?"

"தட்டுனது நான்தான். அஞ்சு வருசமா."

அவர் அவளைப் பார்க்கவில்லை, சட்டியைப் பார்த்தார். பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

"இதுல?"

"இதுல நாலு."

பின்கட்டில் தம்பிகள் கால் கழுவும் சத்தம் கேட்டது. பிள்ளைகளில் ஒன்று, வெந்துவிட்டதா என்று அங்கிருந்தே கேட்டது. ருக்கையா இடுக்கியால் தணலை ஒவ்வொன்றாக எடுத்து, கைத்துணியால் மூடியைத் தூக்கினாள். தம்மடை நன்றாக எழும்பி, ஓரம் சிவந்திருந்தது.

"அப்ப நான் அங்க நின்னு சொன்னது பொய்யா?" என்றார் நெய்னா.

"உங்களுக்குத் தெரியாதே. இனிச் சொன்னாத்தான் பொய்."

எதிர்க் கடையில் போன் மணி அடித்தது. யாக்கூப் அதை எடுக்காமலே வாசலுக்கு வந்து, "நெய்னா காக்கா, உங்களுக்குத்தான்லா" என்று கூப்பிட்டார். நெய்னா ஒரு காலைப் படியில் இறக்கினார். அடுத்த காலை எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.