ரோஸ் கலர் கேசிங்

ஜெலாப்பாங் ஊரில் ஒரு கைப்பேசிக் கடை. என் உடைந்த திரையை மாற்றக் காத்திருந்தபோது அந்த லாரி ஓட்டுநர் உள்ளே வந்தார். ஆறடி உயரம், அடர்ந்த மீசை. எதைச் சொல்வதற்கு முன்னாலும் மீசையை ஒருமுறை நீவிக்கொள்வார்.

கறுப்புக் கைப்பேசியை மேசையில் வைத்து, "கேசிங்க மாத்தி ரோஸ் கலர் ஆக்கணும்" என்றார்.

"மகளுக்கா அண்ணே?" என்று கேட்டாள் கடைக்காரப் பெண்.

"எனக்குத்தான்லா."

அவள் பாகங்களைக் கழற்றி ரோஸ் கேசிங்கில் பொருத்திக்கொண்டிருக்க, அவர் என்னிடம் காரணம் சொன்னார். கூட்டாளியிடமும் அதே கறுப்புக் கைப்பேசிதான். சாப்பாட்டுக் கடையில் அவன் இவருடையதை மாற்றி எடுத்துப் போய்விட்டான்.

"என் சம்சாரம் கூப்பிட்டிருக்கா. 'வீடு'ன்னு காட்டவும் தன் சம்சாரம்னு நினைச்சு அவன் எடுத்துப் பேசிட்டான். ரெண்டு பேருக்குமே ஆள் மாறினது தெரியலலா!"

"அக்காவுக்குக் கோபமா?" என்று கேட்டேன்.

மீசையை நீவினார். "இல்ல. அன்னிக்குத்தான் நான் அன்பா பேசினேனாம்."

ரோஸ் கைப்பேசி கைக்கு வந்ததும் வாசலில் நின்று மனைவியை அழைத்தார். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அத்தனை மென்மையான குரல் வரும் என்று நான் நினைக்கவில்லை.

"சாப்பிட்டியாம்மா?"

மறுமுனைக் குரல் எங்களுக்கே கேட்டது. "யாரு பேசுறது?"

அவர் தன் பெயரைச் சொன்னார். இன்னொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது.