அண்ணனின் கரும்பும் என் பொய்ச் சத்தியமும்

கூடப் பிறந்த அண்ணனோடு நான் இரண்டு வருஷம் பேசாமல் இருந்தேன். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஓர் எலுமிச்சை மரம்தான். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். அவர் அந்தப் பக்கத்துப் பழத்தைப் பறிப்பார், நான் இந்தப் பக்கத்துப் பழத்தைப் பறிப்பேன். ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் பாவத்திலிருந்து தாய் மாரியம்மா என்னை எப்படி இழுத்து வெளியே போட்டாள் என்பதைத்தான் ஆறுமுகமாகிய நான் உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். மேடையில் பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன். கோவில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு நாம் ஆக்லாந்தில் இருக்கிறோம். நம் பிள்ளைகளுக்குக் கரும்பு என்றால் பொங்கலுக்குக் கடையில் வாங்கும் இரண்டு துண்டு. எனக்கு அப்படியில்லை. ஃபிஜியில், ரக்கிராக்கி ஊரில், பினாங்கு என்ற சர்க்கரை மில்லுக்குக் கரும்பு போகும் ட்ராம் லைன் ஓரம் எங்கள் வயல். அண்ணன் முனிசாமிக்கு நாலு ஏக்கர், எனக்கு நாலு ஏக்கர். வெட்டுக் காலம் வந்தால் பத்துப் பேர் சேர்ந்த கேங் ஒவ்வொரு வயலாக வெட்டிக்கொண்டே வரும். அண்ணன்தான் சர்தார், அதாவது கேங்குக்குத் தலைவர். எங்கள் முறை வரும் அன்று அண்ணி பெரிய சட்டியில் மீன் குழம்பு வைப்பார். கரி பூசிய முகங்களோடு வரப்பில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்தக் குழம்பு வாசனையை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு பசிக்கிறது.

அந்த நிலம் எங்களுக்குச் சொந்தமில்லை. பக்கத்து கோரோவில், அதாவது அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஃபிஜியர் கிராமத்தில் இருந்த ஒரு குடும்பத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்தது. அந்த வீட்டுப் பையன் ஸெருவுக்கு என் வயசு. மூன்று பேரும் ஒரே ஆற்றில் குளித்து வளர்ந்தோம். பெரியவனானதும் அவன் பட்டாளத்தில் சேர்ந்தான். லீவில் வந்தால் முதலில் அண்ணன் வீட்டில் நங்கோனா என்கிற வேர்ச்சாறு குடித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்கே போவான்.

1987 மே மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. பட்டாளம் பார்லிமெண்டுக்குள் நுழைந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். இந்திய வம்சத்தவராகிய நாங்கள் வோட்டுப் போட்ட சர்க்காரை ஃபிஜியர் பட்டாளம் ஒரு காலைப் பொழுதில் கவிழ்த்துவிட்டது. அந்த வருஷம் வெட்டக் கூடாது, கரும்பு நிலத்திலேயே நிற்கட்டும் என்று குடியானவர்களில் பலர் முடிவு கட்டினார்கள். அண்ணன் அதற்கு முன்னால் நின்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"நம்ம அரசியலா இது? வெட்டிட்டுப் போவோம் அண்ணே. கரும்பு காஞ்சா பட்டாளத்துக்கா நஷ்டம்?" என்றேன்.

"ஒனக்கு வெட்கமா இல்ல? நம்மள நாய் மாதிரி வெரட்றான், நீ அவனுக்குச் சக்கரை போடப் போறியா?" என்றார்.

"நீங்க சொன்னா நான் கேக்கணுமா?" என்றேன். அதற்கு முன் அண்ணனிடம் அப்படி ஒரு வார்த்தை நான் பேசியதே இல்லை. கேங் இரண்டாக உடைந்தது. கல்யாணம், கருமாதி எல்லாம் இரண்டு கட்சி. அண்ணியும் என் வீட்டுக்காரி லெட்சுமியும் மட்டும் துணி காயப் போடும் சாக்கில் பேசிக்கொள்வார்கள்.

ஆகஸ்டு மாதம் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு என் வயலை வெட்டத் துணிந்தேன். வெட்டுக்கு முன் முனீஸ்வரனுக்குப் படைப்பது எங்கள் வழக்கம். இரண்டு வயலுக்கும் நடுவில், மழைமரத்தடியில் மஞ்சள் பூசிய கல். வருஷா வருஷம் அண்ணனும் நானும் சேர்ந்துதான் போவோம். நான் தேங்காயை உடைத்துப் பிரசாதத்தைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அண்ணன்தான் கற்பூரம் எரிந்து முடியும்வரை நின்று, செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு வருவார். சின்ன வயதிலிருந்து அது அவர் வேலை. அதை ஒரு வேலை என்றே நான் நினைத்ததில்லை.

அந்தக் காலையில் நான் தனியாகப் போனேன். கற்பூரம் கொளுத்தினேன், தேங்காய் உடைத்தேன், வழக்கம்போலத் திரும்பி நடந்தேன். பின்னால் படபடவென்று சத்தம். காற்று சருகைத் தூக்கிக் கற்பூரத்தில் போட்டு, அங்கிருந்து அண்ணன் வயலுக்குள் தள்ளிவிட்டது. கிளையை ஒடித்து அடித்துப் பார்த்தேன். காய்ந்த கரும்பில் தீ நிற்குமா? நான் ஓடிவிட்டேன். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஊர் கூச்சல் போட்ட பிறகு, அப்போதுதான் தெரிந்தவன் மாதிரி வாளியோடு ஓடினேன்.

எரிந்த கரும்பைச் சில நாளுக்குள் மில்லுக்கு அனுப்பாவிட்டால் புளித்துப்போகும். அண்ணன் வெட்டவில்லை. சொன்ன சொல்லை விடமாட்டேன் என்று அப்படியே நிற்க விட்டார். அந்தப் புளிப்பு வாடை இரண்டு வீட்டுக்குள்ளும் வாரக்கணக்கில் இருந்தது. என் சோற்றில்கூட இருந்தது.

வெட்ட வைப்பதற்காக யாரோ வேண்டுமென்றே கொளுத்தினார்கள் என்று அண்ணன் நம்பினார். என்னைக் கோவிலுக்குக் கூப்பிட்டார். ஊர் முன்னால் ஒரு கட்டிக் கற்பூரத்தை ஏற்றி, "நீ கொளுத்தலேன்னா இத அணைச்சுச் சத்தியம் பண்ணு" என்றார். அம்மன் முன்னால் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சொல்லும் சத்தியத்தை எங்கள் ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நான் அணைத்தேன். "நான் அந்தப் பக்கமே போகல, தீயப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். உள்ளங்கை சுடவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணன் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார். "என் தம்பி கோவில்ல பொய் சொல்ல மாட்டான். அப்ப ஸெருதான்" என்றார். தீப்பிடித்த அன்று காலை, லீவில் வந்திருந்த ஸெரு அந்த வயலோரம் நடந்து போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அங்கேயே நின்ற ஸெரு மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. திரும்பிக் கோரோவைப் பார்த்து நடந்துவிட்டான். நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல நின்றேன்.

வெட்டுக்குப் போனதற்காக அண்ணன் என்னோடு பேச்சை விட்டார். ஸெருவை வாசலிலேயே ஏற்றவில்லை. "கூடப் பொறந்த மாதிரிப் பழகினவனே கொளுத்திட்டான். இனிமே இந்த மண்ணுல நமக்கு என்ன இருக்கு?" என்று அண்ணியிடம் சொன்னாராம். கனடாவில் இருந்த அண்ணியின் தம்பி மூலம் விசாவுக்கு எழுதிப் போட்டார். அந்த இரண்டு வருஷத்தில் எங்கள் பக்கத்தில் வீடு வீடாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் என் அண்ணனை ஊரைவிட்டுத் துரத்தியது பட்டாளம் இல்லை. என் பொய்.

வெள்ளிக்கிழமைதோறும் அம்மனிடம் அழுதேன். என்ன கேட்டேன் தெரியுமா? "தாயே, விசா வரக்கூடாது. அண்ணன் என்னோட பேசணும்." கனடா சர்க்காரோடு அம்மனைச் சண்டைக்கு அனுப்பப் பார்த்தேன்! உண்மையைச் சொல்லும் தைரியம் கொடு என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. விசா வந்தது. 1989 ஜூலையில் பயணம் என்று முடிவானது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஜூலையில்தான் எங்கள் கோவில் தீமிதி. பத்து நாள் காப்புக் கட்டி மிதிப்பதாக வேண்டிக்கொண்டேன். காப்புக் கட்டும் அன்று காலை ஆற்றில் தலை முழுகும்போது என் வாயில் வேறு வார்த்தை வந்தது. நான் யோசித்து வைத்த வார்த்தை இல்லை. "தாயே, என்னால முடியல. நீயே என் வாயத் திறந்து விடு." அவ்வளவுதான். இடுப்பளவு தண்ணீரில் நின்று சின்னப் பிள்ளைபோல் அழுதேன்.

காப்புக் கட்டிக்கொள்ள மஞ்சள் வேட்டியோடு வரிசையில் நின்றோம். எங்கள் பூசாரிக்கு ஒரு கண்டிப்பு உண்டு. "யார் மேலயாவது மனஸ்தாபம் இருந்தா இப்பவே பேசித் தீர்த்துக்குங்க. அதோட நெருப்புல எறங்காதீங்க" என்பார். அன்றும் சொன்னார். கூட்டத்திலிருந்து அண்ணன் எழுந்து வந்தார். பயணத்துக்கு முன் அம்மனைக் கும்பிட வந்திருந்தார் போலிருக்கிறது. நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"ஆறுமுகம், நான் வர்ற சனிக்கெழம போறேன்டா. ஒன் மேல இருந்த கோவத்த இங்கேயே விட்டுட்டேன். நீயும் விட்டுடு" என்று என் தோளில் கை வைத்தார். பிறகு, "அந்த ஸெருவத்தான் என்னால மன்னிக்க முடியல. செத்தாலும் முடியாது" என்றார்.

இரண்டு வருஷம் நான் கேட்டதை அம்மன் என் கையில் கொடுத்துவிட்டாள். அண்ணன் பேசிவிட்டார். நான் "சரி அண்ணே" என்று சொல்லியிருந்தால் போதும். அவர் சந்தோஷமாகக் கனடா போயிருப்பார், நான் மரியாதையோடு ஊரில் இருந்திருப்பேன். ஆனால் அந்தக் கையின் பாரத்தை என் தோள் தாங்கவில்லை. அங்கேயே முழங்காலில் விழுந்தேன்.

"அண்ணே, ஸெரு இல்ல, நான்தான். முனீஸ்வரன் கல்லுல வச்ச கற்பூரம். நீங்க இல்லாம தனியாப் போனேன், அணைக்காம வந்துட்டேன். சத்தியம் பண்ணினது பொய்."

ஊரே கேட்டது. அண்ணன் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவர் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு, "எழுந்திரு. கோரோவுக்குப் போகணும்" என்றார். பூசாரி, "போயிட்டு வாங்க, காப்பு காத்திருக்கும்" என்றார்.

ஃபிஜியர் வழக்கத்தில் மன்னிப்புக் கேட்கப் போகிறவன் நங்கோனா வேர்க்கட்டைக் கொண்டுபோய் அந்த வீட்டுத் தரையில் வைத்து, தலை குனிந்து உட்கார வேண்டும். அவர்கள் அதை எடுத்துக்கொண்டால் மன்னித்ததாக அர்த்தம். எடுக்காவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். கடையில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனோம். நான் வைத்தேன். அண்ணனும் என் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்தார். "நீங்க எதுக்கு அண்ணே?" என்றேன். "அவன் பேர ஊர் பூராவும் கெடுத்தவன் நான்தானே?" என்றார்.

லீவில் வந்திருந்த ஸெரு கிழங்குத் தோட்டத்திலிருந்து சேற்றுக் காலோடு வந்தான். எங்களையும் வேர்க்கட்டையும் பார்த்தான். குனிந்து எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டான். எங்களோடு அவன் பேசுவது இந்தி. அவன் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"எனக்குத் தெரியும் ஆறுமுகம். நீ கிளைய வச்சு அடிச்சத அன்னிக்கே நான் பாத்தேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. "அப்ப ஏன்டா சொல்லல?"

"யூனிபாரம் போட்டவன் சொன்னா அந்த நேரத்துல யாரு நம்புவா? நம்பினா இன்னும் மோசம். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் வெட்டிக்குவீங்க. அதான், நீயே சொல்லணும்னு சர்ச்சுல ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஒன் பேரச் சொல்லி வேண்டிக்கிட்டேன். ரெண்டு வருஷமா."

என் அன்பர்களே, நான் அண்ணனைப் பிடித்து வைக்கச் சொல்லி அம்மனைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தேன். யாருடைய பேர் என்னால் கெட்டதோ, அவன் எனக்காக முழங்கால் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு வேண்டுதலும் எந்த இடத்தில் சேர்ந்தன என்று எனக்குத் தெரியாது. அவள் ஒரு தாய், எந்த வாசலிலிருந்து பிள்ளை கூப்பிட்டாலும் அவளுக்குக் கேட்கும் என்று மட்டும் தெரியும்.

பொழுது சாய்வதற்குள் எனக்குக் காப்புக் கட்டினார்கள். தீமிதிக்கு அண்ணனால் இருக்க முடியவில்லை, அந்தச் சனிக்கிழமையே பயணம். நாந்தி ஏர்போர்ட்டுக்குப் போகும் பஸ்ஸில் பெட்டிகளை ஏற்றியவன் ஸெரு. அண்ணன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை, டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். பிறகு என்னிடம் வந்து, "நேத்துவரைக்கும் ஓடிப் போறவனா இருந்தேன்டா. இன்னிக்கு ஊருக்குப் போய்ட்டு வர்றவனாப் போறேன்" என்றார். பஸ் போன பிறகு நானும் ஸெருவும் ரோட்டு ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டோம்.

அண்ணன் போகக் கூடாது என்ற என் முதல் வேண்டுதலை அம்மன் தள்ளிவிட்டாள். எனக்கு வருத்தம்தான், இன்றும் வருத்தம்தான். ஆனால் அண்ணன் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். நாலு தரம் வந்தார், நாலு தரமும் முதல் நங்கோனா ஸெரு வீட்டில். 2000-இல் மறுபடியும் சர்க்காரைக் கவிழ்க்கத் துப்பாக்கி வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் ராப்பகலாகக் காவல் உட்கார்ந்திருந்தது ஸெருவின் ஆட்கள். அதன்பின் குத்தகை முடிந்து, பிள்ளைகள் கூப்பிட்டு, நானும் இங்கே வந்துவிட்டேன். அண்ணன் வான்கூவரில் காலமானார். அவர் அஸ்தியை ரக்கிராக்கிக் கடலில்தான் கரைக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். ஸெருதான் படகு ஓட்டினான். நான் மந்திரம் சொன்னேன், அவன் தன் வேதத்திலிருந்து சொன்னான். யாரும் யாரையும் நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து நான் பொய் சொல்வதில்லை. லெட்சுமி சமையலைப் பற்றிக்கூட இல்லை. அதனால் வீட்டில் சில கஷ்டங்கள் உண்டு, பரவாயில்லை.

உங்களில் யாரோ ஒருவர் நெஞ்சிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். கூப்பு, அதாவது ஆட்சிக் கவிழ்ப்பு, வந்த நாட்களில் நாம் எல்லோரும் பயந்துதான் இருந்தோம், பயத்தில் என்னென்னவோ செய்தோம், சொன்னோம், சொல்லாமல் விட்டோம். ஊரை விட்டு வந்துவிட்டோம், அது அங்கேயே கிடக்கும் என்று நினைக்காதீர்கள். பெட்டியோடு அதுவும் ஏறி வந்திருக்கிறது. தாயிடம் கேளுங்கள், வாயைத் திறந்துவிடுவாள், எனக்குச் செய்தவள் உங்களுக்கும் செய்வாள். அந்தப் பக்கம் உங்களுக்காக யாரோ ஏற்கெனவே வேண்டிக்கொண்டிருக்கலாம். அவர் உயிரோடு இருக்கும்போதே போன் பண்ணிவிடுங்கள்.