தணிகாசலம் ஓட்டிப் பார்த்த பஸ்

தணிகாசலத்தால் வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியாது. சோற்றுத் தட்டோடு வாசலுக்குப் போவான், பாதியில் உள்ளே வருவான்.

"இன்னாய்யா, தரையில முள்ளா கீது?" என்பாள் மனைவி கங்கம்மா.

"தரை ஆடுது" என்பான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

1974இல் கும்மிடிப்பூண்டிப் பக்கம் பஸ் கட்டும் கம்பெனி ஒன்றில் அவன் சோதனை டிரைவர். ஆட்களுக்குப் பதில் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான பாதையில் நாள் முழுக்க ஓட்டவேண்டும். பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பிள்ளைதான். படகில் ஏறினாலே வாந்தி வந்ததால் ஸ்டியரிங்கைப் பிடித்தவன்.

அந்த வருஷம் என்ஜினீயர் ஆதிநாராயணன் ஒரு பெட்டியோடு வந்தார். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஆட்டத்தை உணரும் சின்ன உலோகத் துண்டைப் பொருத்தி, ஒயரைப் பெட்டியில் சேர்த்தார். வண்டி குலுங்கக் குலுங்க, பெட்டிக்குள் ஒரு முள் காகிதச் சுருளில் கோடு கிறுக்கியது.

அந்தக் கிறுக்கலைத் தணிகாசலம் வெறித்துப் பார்த்தான். "இம்மாம் ஆட்டமா சார் என் இடுப்புல ஏறுது? எனக்குத்தான் பைத்தியம் புடிச்சிகிச்சோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

விறைப்பான ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிவிட்டு இளக்கமானவற்றைப் போட்டார்கள். கிறுக்கல் பாதியாகக் குறைந்தது. ஆதிநாராயணன் சிரித்த முகமாக இருந்தார். மறுநாள் மதியம் தணிகாசலம் திடீரென்று பிரேக் போட்டு, இறங்கி ஓடி, பனைமரத்தடியில் வாந்தியெடுத்தான்.

"குலுக்கல் இல்ல சார். ஆனா எங்க நைனா படகு மாதிரியே அசையுது."

என்ஜினீயரும் மெல்ல இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. "எனக்கும் காலையிலேர்ந்து தலை சுத்துது. இட்லிதான் ஒத்துக்கலையோன்னு இருந்தேன்."

அங்கேயே சுருளை விரித்தார். குட்டிக் குட்டிக் கோடுகளை மட்டுமே அதுவரை பார்த்திருந்தார். அவற்றுக்குள் கடலலை போல ஒரு பெரிய வளைவு மெதுவாக ஏறி இறங்கியபடி இருந்தது. பட்டைகளை அப்படியே விட்டு, அசைவை அடக்க ஷாக் அப்சார்பரை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தணிகாசலமே ஓட்டினான். கடைசியில் ஒருநாள் இருவரும் சாப்பிட்டுவிட்டு ஏறி, சாப்பிட்டது வயிற்றிலேயே இருக்கத் திரும்பினார்கள்.

அடுத்த சோதனைக்கு ஒரு லாரி காத்திருந்தது. தணிகாசலம் ஏறவில்லை. "இந்த பஸ்ஸ வாங்குறவங்ககிட்டயே என்னையும் டிரைவரா சேத்துக்கச் சொல்லி உட்ருங்க சார்" என்றான். ஆதிநாராயணன் சொல்லிவிட்டார்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு அந்த பஸ்ஸின் முதல் நடை. முன்சீட்டுக் கிழவி ஊர் எல்லை தாண்டுமுன் தூங்கிப்போனாள். தணிகாசலத்துக்குத்தான் நிலைகொள்ளவில்லை. யாராவது வாயைப் பொத்துகிறார்களா என்று வழியெல்லாம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.