தாழி திறந்தபோது என் பெட்டி வண்டியில் இருந்தது

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். அதிலும் பாதி நாள் பருத்தி எடுக்கப் போய்விடுவேன். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் இப்போதெல்லாம் குழம்பிவிடுகிறது. நாலு பேர் எதிரில் பேசவே கூசுகிறவள், பத்திரிகைக்கு எழுதத் துணிந்தது எனக்கே அதிசயமாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு நாளை நினைத்தால் இந்த வயதிலும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. அதைச் சொல்லாமல் போக மனமில்லை.

எனக்குக் கல்யாணமான வருஷம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு மின்சாரக் கம்பி வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம். போத்தனூரில் ரயிலை விட்டு இறங்கி மாட்டு வண்டியில் ஒரு காலைப்பொழுது போனால் என் புகுந்த ஊர். சித்திரை மாசம். மழை இல்லை. இருந்த கிணறு சேறு தட்டிவிட்டது. தோட்டத்தில் வேறு இடம் பார்த்துப் புதுக் கிணறு வெட்ட மாமனார் ஆள் விட்டிருந்தார்.

ஆள் உயரம் தோண்டியிருப்பார்கள். கடப்பாரை எதிலோ டங்கென்று பட்டது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால் ஒரு பெரிய தாழி. ஒரு ஆள் உள்ளே குந்தி உட்காரலாம், அத்தனை பெரிசு. வாய் ஒரு பலகைக் கல்லால் மூடியிருந்தது. கல்லுக்கும் தாழிக்கும் நடுவே இருந்த சந்தில் எட்டிப் பார்த்தவன், "எலும்புங்கோ!" என்று கத்திக்கொண்டே மேலே ஏறி வந்துவிட்டான். அந்தக் காலத்தில் செத்தவர்களை அப்படித் தாழிக்குள் வைத்துப் புதைப்பார்களாம். எங்களுக்கு அது எங்கே தெரியும்? பிணச்சாடி என்றுதான் சொன்னார்கள். வேலை நின்றுபோனது.

புது மருமகள் வந்ததும் கிணற்றில் தண்ணீர் வந்தால் அவள் ராசி. பிணம் வந்தால் அதுவும் அவள் ராசிதான். ஊரில் ஆளுக்கொரு பேச்சுப் பேசினார்கள். என் வீட்டுக்காரரின் அக்கா எங்களோடுதான் இருந்தார். எங்கள் பக்கம் அவரை நங்கை என்று கூப்பிடுவோம். அவர் என் காதுபடவே பேசினார். என் வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் பெரியவர்கள் எதிரில் அவருக்கு வாய் வராது. மாட்டுக்குச் சோளத்தட்டு போடுகிற சாக்கில் என் பக்கம் வந்து, "அழுவாத" என்பார், போய்விடுவார்.

கடைசியில் என்னைக் கொஞ்ச நாளைக்கு அம்மா வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. அந்தக் கொஞ்ச நாள் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் அடுத்த வீட்டு அக்காவும் அப்படிக் கொஞ்ச நாளைக்கு என்றுதான் வந்தாள். கடைசிவரை அவளைக் கூப்பிட யாரும் வரவில்லை.

என் அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். என் தகரப் பெட்டியை வண்டியில் ஏற்றியாயிற்று. அதே காலையில்தான் இன்னொரு வண்டியும் வந்து நின்றது.

என் கொழுந்தனார் கோயமுத்தூரில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். தாழி விஷயத்தைத் தன் வாத்தியாரிடம் சொல்லியிருக்கிறார். வாத்தியார் ஒருத்தர் வருவார் என்று பார்த்தால் கொழுந்தனாரோடு நாலு பேர் இறங்கினார்கள்! நாலு பேரும் ஆராய்ச்சி செய்கிறவர்களாம். ஆனால் ஒருத்தர் ஆராய்ச்சிக்கும் இன்னொருத்தர் ஆராய்ச்சிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒருத்தர் பழைய பானை சட்டி, காசு, கல்லு இவற்றைத் தேடுகிறவர். ஒருத்தர் டாக்டர், எலும்பைத் தவிர வேறு பேச்சே இல்லை. மூன்றாமவர் விதைகளை ஆராய்கிறவர், வண்டியை விட்டு இறங்கியதும் வேலியோரம் குனிந்து ஏதோ புல்லைப் பிடுங்கி முகர்ந்தார். நாலாமவர் ஊர் ஊராகப் போய்ச் சனங்கள் பேசுகிற பேச்சை எழுதிக்கொள்கிறவர். பேச்சை எழுதி என்ன செய்வார்கள் என்று அத்தை, அதாவது என் மாமியார், கேட்டார். "எங்களுக்கே தெரியாதும்மா, பாவம், அவரை விட்டுடுங்க" என்றார் டாக்டர்.

மாமனாருக்கு ஒரே சந்தோஷம். "ஏனுங்க, தாராளமா எடுத்துட்டுப் போங்க. பானை, எலும்பு, மண்ணு எல்லாத்தையும் அள்ளிக்கங்க. எங்களுக்கு அந்தப் பீடை ஒழிஞ்சாப் போதும்" என்றார்.

பீடை என்றதும் நங்கைக்குப் பேச்சு வந்துவிட்டது. நான் கதவோரம் நின்றிருந்தேன். "பீடை பானையில எங்க இருக்குது? வந்து மூணு மாசம் ஆவல, தண்ணி வார எடத்துல பொணத்தைக் கொண்டாந்து நிறுத்திப்போட்டா. இவ கால் வெச்சா கத்தாழை கூடக் கருகிப்போகுமாட்ட இருக்குது!"

பேச்சை எழுதுகிறவர் ஓடி வந்தார். "அம்மா, அம்மா, ஒரு நிமிஷம். அந்தக் கத்தாழையை இன்னொருக்காச் சொல்லுங்க."

நங்கை திகைத்துப்போனார். "ஏனுங்க, வையறதையுமா எழுதுவீங்க?"

"வையும்போதுதாம்மா நல்ல நல்ல பேச்சா வருது. கொஞ்சம் மெதுவா, விட்டு விட்டுச் சொல்லுங்க."

நங்கை என்ன செய்வார், பாவம்! பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, "இவ... கால் வெச்சா... கத்தாழை கூட..." என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கிணறு வெட்டுகிற ஆட்களெல்லாம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். "நிறுத்திப்போடாதீங்க அக்கா, அடுத்த வருசம் எங்களுக்கு இதுதான் பாடமா வரும்" என்றார் கொழுந்தனார். நங்கைக்கே சிரிப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சிரிக்காமல் இருந்தது என் அப்பாவும் நானும்தான். எலும்பு டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். வண்டியில் இருந்த பெட்டியையும் பார்த்தார்.

பிறகு தாழியைத் திறந்தார்கள். எனக்கு அழுகையெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நானும் குழி ஓரத்துக்குப் போய்விட்டேன். அதுவரை அப்படி ஒரு வேடிக்கையை நான் பார்த்ததில்லை. கல்லை நகர்த்தியதும் முதல் மழைக்கு முந்தின புழுதி வாசனை மாதிரி ஒன்று குப்பென்று வந்தது. பானைக்காரர் சின்னத் தூரிகையால், கைக்குழந்தையின் முகம் துடைப்பதுபோல, மண்ணைத் துடைத்துத் துடைத்து எடுத்தார். டாக்டர் குப்புறப் படுத்துக்கொண்டு, அத்தையின் முகம் பார்க்கிற கண்ணாடியை வாங்கி வெயிலை உள்ளே அடித்துப் பார்த்தார். "ஐயா, என் எலும்பு மேல கை வைக்காதீங்க!" என்று இவர் கத்துவார். "உங்க முழங்கை என் பானையை இடிக்குது!" என்று அவர் கத்துவார். "அடி மண்ணைக் கொட்டிப்புடாதீங்க, அதுலதான் என் உசிரு இருக்கு!" என்று விதைக்காரர் இரண்டு பேருக்கும் மேலே கத்துவார். மெத்தப் படித்தவர்கள் இப்படிச் சின்னப் பிள்ளைகளாட்டம் சண்டை போடுவார்கள் என்று யார் கண்டது!

அடி மண்ணை ஒரு குண்டாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார் விதைக்காரர். கறுப்பாக என்னவோ உமி மிதந்தது. உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. "சாமை மாதிரி இருக்கு! சாகும்போதும் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்காங்க" என்றார். கள்ளி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சனங்கள் ஓவென்று சத்தம் போட்டார்கள்.

"அம்மணி, வெயில் ஏறுது. வண்டியப் பூட்டட்டுமா?" என்றார் அப்பா.

"செத்த இருங்கப்பா" என்றேன். அப்பாவை நான் காத்திருக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் பானைக்காரர் உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி பாசிமணி எடுத்தார். செக்கச்செவேல் என்று இருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்ததும் தீக்கங்கு மாதிரி சுடர்விட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. யாரோ, எப்போதோ, யார் கழுத்துக்கோ போட்டுப் பார்த்த மணி!

டாக்டர் தாடை எலும்பை வெளியே எடுத்து வைத்தார். "சின்ன வயசு. கடைசிக் கடைவாய்ப் பல் இன்னும் முளைக்கலை" என்றார்.

அத்தை முன்னால் வந்தார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்பிள்ளையை எங்கள் பக்கம் கன்னியாக வைத்துக் கும்பிடுவோம். வருஷத்துக்கு ஒரு தடவை புதுச்சேலை, வளையல், மஞ்சள் வைத்துப் படைப்போம். அத்தைக்கும் அப்படி ஒரு பெண் இருந்தாள். காய்ச்சலில் போய்விட்டாளாம். ஒவ்வொரு தையிலும் அவளுக்குச் சேலை எடுத்துவைக்கும்போது அத்தை யாரோடும் பேசமாட்டார் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அத்தை டாக்டரிடம் கேட்டார். "ஏனுங்க, பாசிமணி கெடக்குது, சின்ன வயசுங்கறீங்க. இது பொம்பளப் புள்ளைங்களா?"

"ஆம்பளைங்களும் அந்தக் காலத்துல பாசிமணி..." என்று பானைக்காரர் ஆரம்பித்தார். டாக்டர் அவர் காலை நறுக்கென்று மிதித்தார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

"இருக்கலாம்மா. சின்ன வயசுங்கறது மட்டும் நிச்சயம். ரொம்பப் பிரியமாத்தான் அனுப்பி வெச்சிருக்காங்க" என்றார் டாக்டர்.

அத்தைக்கு அது போதும். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "கண்ணு! நம்ம ஊட்டைத் தேடிக் கன்னியில்ல வந்துருக்குது! பீடைன்னு சொல்லிப்போட்டமே!" என்று தாழியைத் தடவிக்கொண்டு அழுதார். மாமனார் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கூட்டத்தில் யாரோ குலவை இட்டார்கள்.

இப்போது மாட்டிக்கொண்டது அந்த நாலு பேர்தான். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போங்கள் என்று சொன்ன குடும்பம், ஒரு எலும்பைக்கூடத் தரமாட்டேன் என்று நின்றது. "ஐயா, காலையில நீங்கதானே..." என்று பானைக்காரர் அழாத குறையாகக் கெஞ்சினார். பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தார்கள். பானையும் மணியும் உமியும் ஆராய்ச்சிக்கு. எலும்பு தோட்டத்தின் ஈசானி மூலைக்கு. டாக்டருக்கு ஒரே ஒரு பல். அதையும் மஞ்சள் துணியில் முடிந்து அவர் கையில் கொடுத்து, "எங்க புள்ளைங்க இது. பதனமாக் கூட்டிட்டுப் போங்க" என்றார் அத்தை. டாக்டர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

என் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கியது யார் தெரியுமா? நங்கைதான். "கன்னியக் கூட்டியாந்தவளை எங்க அனுப்பறது? நல்லா இருக்குது நாயம்!" என்று என் அப்பாவை ஒரு பிடி பிடித்தார். பேச்சை எழுதுகிறவர் அதையும் விடவில்லை.

மத்தியானம் எல்லோருக்கும் அரிசியும் பருப்பும் போட்ட சோறு, ஊற்றி ஊற்றி நெய். என் அப்பாவும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். கிளம்புகிற நேரத்தில் டாக்டர் தண்ணீர் கேட்டார். நான் சொம்பைக் கொடுத்தேன். பக்கத்தில் யாரும் இல்லை.

"தங்கச்சி, அது பெண்ணா ஆணான்னு எனக்குத் தெரியாது. பொய் சொல்லக் கூடாதுன்னுதான் இருக்கலாம்னு சொன்னேன். ஆராய்ச்சி பண்ணித் தெரிஞ்சா..." என்றார்.

வெளி ஆண்பிள்ளையிடம் நான் அதுவரை வாய் திறந்ததில்லை. எங்கிருந்து தைரியம் வந்ததோ, "தெரிஞ்சாலும் எழுதிப் போட்றாதீங்க" என்றேன். அவர் குடித்த தண்ணீர் புரையேறச் சிரித்தார். கடைசிவரை எழுதவில்லை.

கிணற்றை வேறு இடத்தில் வெட்டினார்கள். தண்ணீர் உப்பாகத்தான் வந்தது. ஆனால் அதற்கு யாரும் என் காலைப் பார்க்கவில்லை. அந்த வீட்டிலேயே பிள்ளை பெற்று, பேரன் பேத்தி பார்த்து, இப்போது அதே வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தெரிந்ததைச் சொல்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தெரியாததைத் தெரியாது என்று மனதில் வைத்துக்கொண்டே, எதிரில் நிற்கிற ஒருத்திக்காகப் பொய்யும் சொல்லாமல் இடம் விட்ட அந்தப் படிப்பைத்தான் பெரிய படிப்பு என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

படிக்கிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் நான் எழுதியதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். உமி சாமைதானா, அந்தத் தாழி எந்தக் காலேஜ் அலமாரியிலாவது இருக்கிறதா, எனக்குத் தெரியாது. முக்கியமாக அந்தப் பல்லைப் பற்றி ஏதாவது தெரிந்தால் மறைக்காமல் எழுதுங்கள். இனிமேல் என்னை யாரும் அனுப்ப முடியாது. இத்தனை வருஷமும் தை பிறந்தால் எங்கள் வீட்டில் அத்தை மகளுக்கு ஒன்று, தாழியில் வந்த பிள்ளைக்கு ஒன்று என்று இரண்டு சேலை எடுத்துவைக்கிறோம். அது ஆண்பிள்ளையாக இருந்திருந்தால், வருகிற தைக்காவது அவனுக்கு ஒரு வேட்டி எடுத்துவைக்க வேண்டாமா?