போர்வெல் லாரிக்கு ஒரு லோகோ

குன்னம் பக்கம் போர்வெல் போடும் முதலாளி அவர். சட்டையில் புழுதியே இருக்காது. யாராவது விலை சொன்னால் மட்டும் வலி வந்ததுபோல் நெஞ்சைத் தடவிக்கொள்வார். தன் லாரிக்கு லோகோ வேண்டுமென்று பெரம்பலூரில் டிசைன் வேலை செய்யும் என்னைத் தேடி வந்தார். விலை சொன்னேன். நெஞ்சைத் தடவினார்.

"கம்ப்யூட்டர்தானே வரையுது? புடிச்சாத்தான் காசு தருவேன்."

"போர்ல தண்ணி வரலன்னா நீங்க காசு வாங்க மாட்டீங்களா?"

"அது எப்படிங்க? மிஷின் ஓடுச்சுல்ல? அடிக்கு இவ்வளவுன்னு வாங்கிடுவேன்."

"எனக்கும் மூளை ஓடுதுங்களே."

யோசித்தார். "நியாயந்தான். அப்ப லோகோ அடிக்கு எவ்வளவு?"

எரிச்சலில் ஏதோ ஒரு தொகையைச் சொன்னேன். லாரி நீளத்துக்கும் போடச் சொல்லி, நான் முதலில் கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்தார். பேரம் பேசி என்னை மடக்கிவிட்டதாக இன்றும் ஊரெல்லாம் சொல்கிறார். நானும் மறுப்பதில்லை.